பைரிஃபார்மிஸ் தசையும் வழி மாறிய நரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். கொஞ்ச நாள் முன்பு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் ஒருவர் எம்ஆர்ஐ உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "சார், எனக்கு நரம்பு தப்பான வழியில ஓடுதாம். பிறவிக் கோளாறாம். ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?" என்றார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். இடது பக்கம், காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் ஒரு கிளை பைரிஃபார்மிஸ் தசைக்குள் புகுந்து போகிறது என்று ஒரே ஒரு வரி. அவருக்கு வலி இருந்ததோ வலது பக்கம்.

அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், இதே சந்தேகத்தோடு வந்த மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பைரிஃபார்மிஸ் என்பது எங்கே இருக்கிறது?

பிட்டத்தில் கை வைத்தால் தட்டுப்படுவது குளூட்டியஸ் மேக்ஸிமஸ் என்ற பெரிய தசை. பைரிஃபார்மிஸ் அதற்கு அடியில், ஆழத்தில் இருக்கிறது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் முக்கோணமாக ஒரு எலும்பு உண்டு, சேக்ரம் என்பார்கள். அதன் உள்பக்கத்தில் புறப்பட்டு, இடுப்பெலும்பில் உள்ள ஒரு பெரிய துளை வழியாக வெளியே வந்து, தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள மேட்டில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் பாயில் அழுந்துமே, அந்த மேடுதான்.

லத்தீன் பெயருக்கு அர்த்தம் பேரிக்காய் வடிவம். ஏற்காட்டுப் பேரிக்காய் ஒன்றைப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அகன்ற பக்கம் சேக்ரம், காம்புப் பக்கம் தொடை எலும்பு. உண்மையைச் சொன்னால், படிக்கிற காலத்தில் உடற்கூறு வகுப்பில் நான் பார்த்தவை எதுவும் எனக்குப் பேரிக்காயாகத் தெரியவில்லை. சேலத்துக்காரன் பெயர் வைத்திருந்தால் மாங்காய்க் கீற்று என்றுதான் வைத்திருப்பான்.

அதற்கு என்ன வேலை?

நிற்கும்போது தொடையை வெளிப்பக்கம் திருப்பும். உட்கார்ந்திருக்கும்போது தொடையைப் பக்கவாட்டில் விலக்கும். பைக்கில் இருந்து காலைத் தூக்கிப் போட்டு இறங்குகிறீர்களே, அதில் இதற்கும் பங்கு உண்டு. இடுப்பு மூட்டை இழுத்துப் பிடித்து வைப்பதிலும் உதவுகிறது.

இத்தனை சின்னத் தசைக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். உடம்பிலேயே பருமனான நரம்பு சயாட்டிக். இடுப்பைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் விரல் அகலம் இருக்கும். தொடையின் பின்புறத் தசைகளுக்கும் முழங்காலுக்குக் கீழே ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதுதான் கரண்ட் லைன். பெரும்பாலானவர்களுக்கு அது பைரிஃபார்மிஸின் கீழ் விளிம்பை ஒட்டி வெளியே வந்து, தொடை வழியாக இறங்கி, முழங்காலின் பின்பக்கக் குழிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. டிபியல் கிளை கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் போகிறது. பெரோனியல் கிளை வெளிப்பக்கமாகச் சுற்றி முன்காலுக்கும் பாதத்தின் மேல்புறத்துக்கும் போகிறது.

"பிரிகிறது" என்று சொன்னாலும், அவை முதலில் இருந்தே இரண்டுதான். ஒரே உறைக்குள் ஓடும் இரண்டு வயர் மாதிரி. சிலருக்கு அந்த உறை மேலேயே, இடுப்புக்குள்ளேயே விலகிவிடுகிறது. கரு வளரும்போது தசை அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தால் ஒன்று தசைக்கு மேலேயும் ஒன்று கீழேயும் போகும், அல்லது ஒன்று தசையையே துளைத்துக்கொண்டு போகும். இங்கே யாரும் எதையும் தப்பாகச் செய்யவில்லை. வளர்ச்சியில் எது முந்தியது, எது பிந்தியது என்கிற கணக்கு அவ்வளவுதான்.

மொத்தம் எத்தனை விதம் இருக்கிறது?

1937-இல் பீட்டன், ஆன்சன் என்ற இருவர் இதை ஆறு வகையாகப் பிரித்து எழுதினார்கள். இன்றைக்கும் ரிப்போர்ட்டுகளில் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

முதல் வகை, மேலே சொன்ன சாதாரண வழி: பிரியாத நரம்பு, பிளவுபடாத தசைக்குக் கீழே. நூற்றில் 80 முதல் 90 பேருக்கு இதுதான். அடுத்து அதிகம் காணப்படுவது, பெரோனியல் கிளை தசையைத் துளைத்துக்கொண்டும் டிபியல் கிளை கீழேயும் வருவது. கொலுசுக்காரரின் இடது பக்கம் இந்த வகை. மீதி நான்கும் அபூர்வம்: ஒரு கிளை தசைக்கு மேலே, மற்றது கீழே; முழு நரம்பும் தசையின் நடுவே; ஒரு கிளை மேலே, மற்றது நடுவே; முழு நரம்பும் மேலே. இந்த ஆறிலும் அடங்காமல் ஒன்றிரண்டு அவ்வப்போது எங்காவது தென்படுவதும் உண்டு.

தசையும் ஒழுங்காக ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு அது இரண்டு பட்டையாகப் பிளந்திருக்கும். சிலருக்கு அதன் தசைநாண், பக்கத்தில் இருக்கும் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் அல்லது குளூட்டியஸ் மீடியஸ் தசையின் நாணோடு ஒட்டியிருக்கும்.

உடற்கூறு வகுப்பில் நான் பார்த்த ஒரு உடலில் வலது பக்கம் புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே இருந்தது. இடது பக்கம் நரம்பு தசையைப் பிளந்துகொண்டு வந்தது. ஆசிரியர் இடுக்கி முனையால் கிளையைத் தூக்கிக் காட்டி, "இவர் எழுபது வயது வரைக்கும் இதோடுதான் நடந்தார்" என்றார். பரீட்சைக்குப் படித்ததில் பாதி மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

அப்படியானால் இந்த அமைப்பு இருப்பவருக்கு வலி வந்தே தீருமா?

வராது. எல்லாரும் கேட்பது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நரம்பு தசைக்குள் போகிறது, தசை இறுகுகிறது, நரம்பு நசுங்குகிறது, அதனால் வலி. கேட்பதற்கு வெகு பொருத்தமாக இருக்கிறது. பல பத்தாண்டுகளாக மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தபோது கணக்கு இடிக்கிறது. 2010-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, அதுவரை உலகம் முழுக்க ஆராயப்பட்ட 6,000-க்கும் அதிகமான சடலங்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் வேறுபட்ட அமைப்பு இருந்தது 16.9 சதவீதம். அப்புறம், பைரிஃபார்மிஸ் வலி என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் எவ்வளவு என்று பார்த்தார்கள். 16.2 சதவீதம்! வேறுபாடுதான் வலிக்குக் காரணம் என்றால் இரண்டாவது எண் எகிறியிருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன.

2018-இல் உயிரோடு இருப்பவர்களின் எம்ஆர்ஐ படங்களை வைத்து 783 இடுப்புகளைப் பார்த்த ஆய்விலும், ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வேறுபாடு இருந்தது. வேறுபாடு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வலியில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஏற்காட்டில் இருந்து சேலம் வர பெரும்பாலானோர் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இறங்குகிறார்கள். சிலர் குப்பனூர் வழியாக வருகிறார்கள். குப்பனூர் வழியாக வந்தவரைப் பார்த்து "உங்களுக்கு விபத்து ஆகிவிட்டதா?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சாலையிலும் என்றைக்காவது மரம் விழலாம், போக்குவரத்து நிற்கலாம். அப்போது பிரச்சினை மரம், சாலை இல்லை.

அப்படியென்றால் பைரிஃபார்மிஸ் சிண்ட்ரோம் என்பதே கட்டுக்கதையா?

அதுவும் இல்லை. இந்தத் தசை சயாட்டிக் நரம்பை நெரிப்பதால் வரும் வலிக்குத்தான் அந்தப் பெயர். சயாட்டிக் நரம்பு வலிக்கு இந்தத் தசையும் காரணமாகலாம் என்ற பேச்சு 1928-இலேயே தொடங்கிவிட்டது. 1947-இல் இந்தப் பெயர் வந்தது. இருக்கிறது, ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. பிட்டத்தில் இருந்து கால் வரை இறங்கும் வலியில் பெரும்பகுதி முதுகில் இருந்துதான் வருகிறது. நம் ஊரில் "ஜவ்வு விலகிடுச்சு" என்கிறோமே, அது. இப்போது சில மருத்துவர்கள் பைரிஃபார்மிஸ் மீது மட்டும் பழி போடாமல், ஆழ்ந்த பிட்டப் பகுதியில் நரம்பு எங்கே மாட்டினாலும் சேர்த்து டீப் குளூட்டியல் சிண்ட்ரோம் என்கிறார்கள். அங்கே நரம்பை நெரிக்க நார்ப்பட்டைகள் உண்டு, வேறு தசைகள் உண்டு, எப்போதோ விழுந்த அடியின் தழும்பு உண்டு. எனக்கு இந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது.

ஜவ்வு வலியா, இந்த வலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உட்கார்ந்து உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு அனுமானம் வேண்டுமானால் கிடைக்கும். ஜவ்வு வலி என்றால் பெரும்பாலும் குறுக்கும் சேர்ந்து வலிக்கும். குனிந்தாலோ இருமினாலோ தும்மினாலோ காலுக்கு வெடுக்கென்று இறங்கும். பைரிஃபார்மிஸ் பக்கத்து வலி என்றால் ஆள் விரலை நேராகப் பிட்டத்தின் நடுவில்தான் வைப்பார். உட்கார்ந்தால் அதிகம், எழுந்து நாலு அடி நடந்தால் கொஞ்சம் ஆசுவாசம். குறுக்கில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நான் செய்வது இதுதான். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மேலே இருக்கும் காலை இடுப்பில் மடக்கி, முழங்காலை உள்பக்கம் கொண்டுவந்து, பாதத்தை வெளியே தூக்கி அழுத்துவேன். தசை இழுபடும். அவருடைய அதே பழைய வலி, அதே இடத்தில் வந்தால் ஒரு குறிப்பு. சும்மா இழுப்பதாகத் தோன்றினால் அதில் அர்த்தம் இல்லை, எனக்கே அப்படி இழுக்கும். அப்புறம் சேக்ரத்துக்கும் தொடை மேட்டுக்கும் நடுவில் கட்டை விரலால் ஆழமாக அழுத்திப் பார்ப்பேன். கடைசியாக, பாதத்தின் பலம், முட்டியில் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பது, தொடுவுணர்ச்சி. இவற்றில் குறை தெரிந்தால் முதுகுப் பக்கம் சந்தேகம் கூடும், டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

இந்த வலி யாருக்கு அதிகம் வருகிறது? என் வேலை காரணமா?

என் அறைக்கு வருகிறவர்களை வைத்துத்தான் சொல்ல முடியும். கொலுசுப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்கள் வேலை செய்கிற விதத்தை ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தேன். தரையில் ஒரு சாக்கு, முன்னால் முழங்கை உயரத்துக்கு ஒரு சின்ன மேசை. கொலுசுக்காரர் இடது காலைக் குத்துக்காலிட்டு, வலது காலை மடித்து, வலது குதிகாலை பிட்டத்துக்கு அடியில் திணித்து உட்கார்ந்திருந்தார். நெருப்பு முனையை அசையாமல் பிடிக்க வேண்டும் என்பதால் உடம்பு மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. டீ வரும் வரை இரண்டு மணி நேரம் அப்படியே. வலி ஏன் வலது பக்கம் என்பதற்கு எனக்கு எம்ஆர்ஐ தேவைப்படவில்லை.

குழித்தறியில் உட்காரும் நெசவாளர்கள், மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள், பின்பாக்கெட்டில் செங்கல் கனத்துக்குப் பர்ஸ் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் உட்காருகிறவர்கள் எல்லாருமே வருகிறார்கள். பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றியே பாதி சரியானவர்கள் உண்டு. அவர்களிடம் ஃபீஸ் வாங்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்களின் கதை வேறு. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நிற்கிறார்கள், மூட்டையோடு இறங்குகிறார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து வரும் வலி இல்லை, பிட்டத் தசைகள் களைத்துப் போய் வரும் வலி. "ஏன் கண்ணு, வேலைய உட்டுட்டுப் படுத்துக்கச் சொல்றியா?" என்று ஒரு பாட்டி கேட்டார். வேண்டாம், வரிசைக்கு வரிசை நிற்கிற பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

வேறுபாடு வலி தராது என்றால், அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன லாபம்?

உங்கள் உடம்பில் ஊசியோ கத்தியோ வைக்கப் போகிறவருக்கு லாபம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பின்பக்கமாகச் செய்யும்போது, வழிகாட்டும் அடையாளமே பைரிஃபார்மிஸின் நாண்தான். அதைத் தொடை எலும்பில் இருந்து பிரித்துப் பின்னால் மடித்துவிட்டுத்தான் மூட்டுக்குள் போகிறார்கள். நரம்பு தசையைத் துளைத்துக்கொண்டு வந்தால், தசையை இழுக்கும்போது நரம்பும் கூட வரலாம். இந்த அறுவை சிகிச்சையில் நரம்புக்குச் சேதம் வந்தால் பெரும்பாலும் பாதிக்கப்படுவது பெரோனியல் பகுதி. தசைக்குள் அதிகம் நுழைவதும் அதுவேதான்.

பைரிஃபார்மிஸுக்குள் மருந்து போடுகிறவருக்கும் இது தெரிய வேண்டும். கிளை ஒன்று தசைக்குள் இருந்தால், மரக்க வைக்கும் மருந்து அதைத் தொட்டுச் சில மணி நேரம் பாதம் தூக்க வராமல் போகலாம். அதனால் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவது நல்லது. அதேபோல, காலுக்கு மட்டும் மரப்பு ஊசி போடும் மயக்க மருத்துவர் முழங்காலின் பின்பக்கம் நரம்பைத் தேடும்போது, மேலேயே பிரிந்துவிட்ட இரண்டு கிளைகளில் ஒன்று மட்டும் மரத்து மற்றது விட்டுப்போக வாய்ப்பு உண்டு.

காய்ச்சலுக்குப் பிட்டத்தில் ஊசி போட்டு என் உறவினருக்குக் கால் தொங்கிவிட்டது. இந்த வேறுபாட்டால்தானா?

அநேகமாக இல்லை. நரம்பு சாதாரண வழியில் ஓடினாலும், ஊசி பிட்டத்தின் கீழ்ப்பாதியிலோ உள்பக்கத்திலோ இறங்கினால் சேதம் வரும். அதனால்தான் மேல் வெளிக் கால்பகுதியில் போடு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைவிடப் பாதுகாப்பானது இடுப்பின் பக்கவாட்டில் போடுவது. மெலிந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். ஊசி போடும்போதே காலுக்கு மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் உடனே கத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். பாதம் தொங்கினால் நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என்ன பயிற்சி செய்யலாம்?

மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். வலிக்கிற பக்கத்துக் கணுக்காலை மற்ற முழங்கால் மேல் வையுங்கள், திண்ணையில் கால் மேல் கால் போட்டு உட்காருவது போல. கீழே இருக்கும் தொடையை இரு கையாலும் பிடித்து மெதுவாக நெஞ்சுப் பக்கம் இழுங்கள். பிட்டத்தில் இதமாக இழுபடும் இடத்தில் 30 விநாடி, மூன்று முறை. காலுக்கு மின்னல் இறங்கினால் இழுத்தது அதிகம், விட்டுவிடுங்கள்.

இழுப்பது மட்டும் போதாது. எல்லாரும் இழுப்பதை மட்டும் செய்துவிட்டு "பிசியோ கேக்கல" என்கிறார்கள். பலமும் வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடக்கி, பாதங்கள் ஒட்டியபடி மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறந்து மூடுங்கள். பத்து முறை, இரண்டு சுற்று. ஆறு முதல் எட்டு வாரம் பொறுமை வேண்டும்.

எண்ணெய் போட்டு மிதித்துவிடச் சொல்லலாமா?

இதமாகத் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? குதிகாலால் மிதிப்பது மட்டும் வேண்டாம். அடியில் விரல் பருமனுக்கு நரம்பு இருக்கிறது.

தசையை வெட்டிவிட்டால் நிரந்தரமாகச் சரியாகுமா?

அப்படி ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது. முதுகில் காரணம் இல்லை என்று உறுதியாகி, பயிற்சி, மாத்திரை, ஊசி எல்லாம் மாதக்கணக்கில் பார்த்தும் முடியாத வெகு சிலருக்கு மட்டும். ரிப்போர்ட்டில் "வேறுபாடு" என்று எழுதியிருப்பதற்காக மட்டும் யாரும் கத்தி வைக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் நின்றுபோனால் அல்லது தெரியாமல் போனால், மலம் கட்டுப்படாவிட்டால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், இரண்டு கால்களும் பலம் இழந்தால். இது பைரிஃபார்மிஸ் இல்லை, முதுகுக்குள் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி. ராத்திரி என்றாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று ஏற்காட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். மலை இறங்கவே நேரம் பிடிக்கும்.

சரி, ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். என்றைக்காவது அந்தப் பக்கத்து இடுப்பில் அறுவை சிகிச்சை என்று வந்தால், முதல் நாளே சர்ஜனிடமும் மயக்க மருத்துவரிடமும் காட்டுங்கள். கொலுசுக்காரர் அதை பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். இப்போது அரை அடி உயரப் பலகை போட்டு, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நின்று வேலை செய்கிறார். வலது பக்க வலி முக்கால்வாசி போய்விட்டது. இடது பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது எப்பவுமே வலிச்சதில்லையே சார்" என்றார்.